கேமரா போகிற இடமெல்லாம் பாலிசி வருமா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தனித்தொழில் செய்யும் உறுப்பினர்களுக்கான அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, போட்டோ தொழிலுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி என்பது. இன்சூரன்ஸ் என்று மைக்கில் சொன்னதுமே பின்வரிசையில் நாலைந்து பேர் டீ குடிக்க எழுந்து போனதைப் பார்த்தேன். பரவாயில்லை, டீ ஆறிடக் கூடாது. இருக்கிறவங்களுக்குச் சொல்கிறேன். இந்த மண்டபத்தில் கேமரா பிடிக்கிறவங்க ஏழெட்டுப் பேர்தான் இருப்போம். ஆனால் மணப்பெண் அலங்காரத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற தங்கச்சிகளும், மைக் செட், பாத்திரம் வாடகைக்கு விடுகிற அக்காக்களும் நிறையப் பேர் இருக்கீங்க. முதல் போட்ட பொருளைக் கடையில் வைக்காமல் ஊர் ஊராகக் கொண்டு போய் வேலை செய்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

நான் ஏரல் பக்கம் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு, புதுவீடு, எல்லாம் எடுப்பேன். பெண்ணுக்கு அலங்காரம் செய்கிற அறைக்குள் தயக்கமில்லாமல் நுழைந்து படம் எடுக்கப் பெண் போட்டோகிராபர் வேண்டும் என்று இப்போ கேட்டு வருகிறார்கள். அந்த வகையில் வேலைக்குக் குறைவில்லை. என்னிடம் இருக்கிற கேமரா, இரண்டு லென்ஸ், பிளாஷ், லைட் எல்லாம் சேர்த்தால் இன்றைய விலைக்கு 3,60,000 ரூபாய். அதில் ஒன்றரை லட்சம் குழு வழியாக வந்த வங்கிக் கடன். கடன் குழுவின் பேரில் இருக்கிறது. என் கேமரா களவு போனால் அடுத்த மாதத் தவணைக்கு என்னோடு சேர்த்து பன்னிரண்டு வீட்டு அடுப்படியிலும் கணக்குப் போடுவார்கள். நம் ஆளுக்கு இன்சூரன்ஸ் என்பது தனி ஆள் சமாச்சாரம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதி மழையை யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. தாமிரபரணி ஏறி வந்து ஏரல் கடைத்தெருவில் நின்றது. என் கடையில் இடுப்புக்கு மேலே தண்ணீர். கம்ப்யூட்டர், பிரிண்டர், யு.பி.எஸ்., லைட் எல்லாம் சேற்றுக்குள். கேமரா பை மட்டும் பரண் மேலே இருந்ததால் தப்பித்தது. பதினேழாம் தேதிதான் மார்கழி ஒண்ணு. முகூர்த்தம் கிடையாது. அதனால் எல்லாப் பொருளும் கடையிலேயே இருந்தது. கடைக்கு நான் எடுத்திருந்த பாலிசி வெள்ளத்துக்கு உண்டு. சர்வேயர் வந்தார், பார்த்தார், பணம் வந்தது. கேட்ட முழுத்தொகை வரவில்லை. தேய்மானம் கழித்துத்தான் வந்தது. ஆனாலும் தை மாதம் கடையைத் திறந்தேன்.

அப்போதுதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மார்கழி போனால், ஆடி போனால், மீதிப் பத்து மாதமும் என் கேமரா கடையிலா இருக்கிறது? மண்டபத்தில், கோயில் பிரகாரத்தில், திருச்செந்தூர் கடற்கரையில் அவுட்டோர் ஷூட்டில், ஸ்கூட்டி முன்னாடி கால் வைக்கிற இடத்தில், இல்லையென்றால் யாரோ ஒருத்தர் வீட்டு உள்ளறையில் இருக்கிறது. பாலிசிக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரி. நம் தொழிலுக்கோ முகவரியே கிடையாது.

இந்த வித்தியாசத்தால் அடிபட்டவர் நம் வட்டாரத்திலேயே இருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், ஆனால் விஷயத்தைச் சொல்லச் சொன்னார். மதினி ஒரு கல்யாணத்தில் தாலி கட்டு முடிந்து, பந்தி நடக்கும்போது பையை மணமகள் அறையில் வைத்துவிட்டு, ஒரு கேமராவோடு பந்தியைப் படம் எடுக்கப் போனார். திரும்பி வந்தால் பை இல்லை. உள்ளே இன்னொரு கேமரா, பெரிய லென்ஸ், பிளாஷ். அவரிடம் திருட்டுக்கான பாலிசி இருந்தது. பிரீமியமும் ஒழுங்காகக் கட்டியிருந்தார். கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் இரண்டு காரணம். ஒன்று, பொருள் பாலிசியில் எழுதிய கடை முகவரியில் இல்லை. இரண்டாவது, பூட்டை உடைத்தோ கதவைப் பெயர்த்தோ யாரும் நுழையவில்லை.

கேட்கக் கோபமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அந்தப் பாலிசியை வாங்கி முழுக்கப் படித்துப் பார்த்தபோது அவர்கள் எழுதியபடிதான் இருந்தது. கடைகளுக்குத் தருகிற திருட்டுப் பாலிசி பெரும்பாலும் பலவந்தமாக உடைத்து நுழைந்தால்தான் செல்லும். அவர் அதை வாங்கும்போது, "திருட்டுக்கு உண்டா?" என்று கேட்டிருக்கிறார். "உண்டு" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். எந்தத் திருட்டு என்று விற்றவர் சொல்லவில்லை. நாலு மாதத் தவணையை அவருடைய குழுவில் இருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு அடைத்தார்கள்.

அதனால், பாலிசி எடுக்கப் போகும்போது "எதற்கெல்லாம் உண்டு" என்று கேட்டால் போதாது. நம் தொழிலில் நடக்கக் கூடியதைக் கதையாகச் சொல்லி, இதுக்கு உண்டா என்று கேட்க வேண்டும். நான் தூத்துக்குடியில் ஒரு அரசுக் கம்பெனி ஆபீசிலும், நம்ம பேங்க் வழியாக ஒரு இடத்திலும், ஏஜெண்ட் ஒருத்தரிடமும் ஒரே கதைகளைச் சொன்னேன். மண்டபத்தில் பந்தி நேரத்தில் பூட்டு உடையாமல் பை காணாமல் போகிறது. ஓடி வருகிற சின்னப் பிள்ளை ஸ்டாண்டில் இடித்து கேமரா கீழே விழுகிறது. கடற்கரையில் அலை வந்து நனைக்கிறது. ஸ்கூட்டியில் போகும்போது சறுக்கி விழுகிறேன், எனக்கு ஒன்றுமில்லை, லென்ஸ் உடைந்துவிட்டது. பூட்டிய காருக்குள் இருந்து திருட்டுப் போகிறது. பூட்டாத வேனிலிருந்து போகிறது. ஒவ்வொன்றுக்கும் உண்டு, இல்லை என்று வாங்கினேன். வாயால் சொன்னது போதாது என்று, பாலிசி வாசகத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். ஓர் இடத்தில் எரிச்சல்பட்டார்கள். காட்ட முடியாதவர்களிடம் எடுக்கவில்லை.

எடுத்துக்கொண்டு போகிற பொருளுக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது. 'ஆல் ரிஸ்க்' பாலிசி என்பார்கள். எலக்ட்ரானிக் சாமான்களுக்கான பாலிசியிலும் 'போர்ட்டபிள்' என்று தனியாக எழுதி வாங்கலாம். எழுதாவிட்டால் அதுவும் கடையை விட்டு வெளியே வராது. நான் எடுத்தது ஆல் ரிஸ்க். இந்தியா முழுவதும் செல்லும் என்று எழுதி வாங்கினேன். மூன்று லட்சத்து அறுபதாயிரத்துக்கு, 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து வருஷத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. உங்களுக்கு இது கூடலாம், குறையலாம். ஒரு நாள் கல்யாண வேலையில் எனக்கு மிஞ்சுகிற காசுக்குள் அது முடிந்துவிடுகிறது.

'ஆல் ரிஸ்க்' என்று பெயர் இருப்பதால் எல்லாவற்றுக்கும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. தானாகத் தேய்ந்து பழுதானால் கிடையாது. கீறலுக்குக் கிடையாது. ஆள் இல்லாமல் பூட்டாத வண்டியில் வைத்தால் கிடையாது. எங்கே, எப்படிப் போனது என்று சொல்லவே முடியாத மாதிரி காணாமல் போனாலும் பெரும்பாலும் தர மாட்டார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் கொஞ்சம் தொகையை நாம்தான் தாங்க வேண்டும், அதற்கு 'எக்செஸ்' என்று பெயர். எக்செஸ் பத்தாயிரம் என்று போட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவார்கள். நமக்கு அடிக்கடி வருகிற சேதமே ஆறாயிரம், எட்டாயிரம் என்றால் அந்தப் பாலிசி பீரோவில் வைக்கத்தான் உதவும்.

அடுத்தது தொகை. பிரீமியம் குறையட்டும் என்று இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளை ஒரு லட்சத்துக்கு எழுதுகிறவர்கள் உண்டு. நாற்பதாயிரத்துக்குச் சேதம் வந்தால், ஒரு லட்சத்துக்குள் தானே இருக்கிறது, முழுசாக வரும் என்று நினைப்போம். வராது. பாதி மதிப்புக்குத்தான் இன்சூர் செய்தாய், பாதிச் சேதத்தைத்தான் தருவேன் என்று இருபதாயிரம்தான் கணக்குப் போடுவார்கள். அதிலும் எக்செஸ் கழியும். கேமரா எந்த வருஷம் வாங்கியது என்றாலும், அதே மாதிரி புதுசு இன்றைக்கு என்ன விலையோ அதை எழுத வேண்டுமா, தேய்மானம் போக எழுத வேண்டுமா, கிளெய்மில் எந்தக் கணக்கில் தருவீர்கள் என்று கேட்டு, அந்தக் கணக்கிலேயே தொகையை எழுதணும்.

கடைக்கு என்று எடுப்பதற்கு இப்போது ஒரு பொதுவான பாலிசி இருக்கிறது. 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று பெயர். 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. மொத்த மதிப்பு 5 கோடி வரை உள்ள சிறு தொழில்களுக்கு. நமக்கு ஐந்து கோடியெல்லாம் கனவில்கூட வராது, ஆனால் நாமும் அதற்குள்தான் வருகிறோம். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடங்கும். மதிப்பை 15 சதவீதம் வரை குறைத்து எழுதியிருந்தால் அதற்காகப் பிடிக்க மாட்டார்கள். திருட்டு மட்டும், அந்த வெள்ளமோ தீயோ வந்த ஏழு நாளுக்குள் நடந்தால்தான் இதில் அடங்கும். சாதாரண நாளில் ஷட்டரை உடைத்தால் அதற்குத் திருட்டுப் பாலிசி தனி. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்.

இங்கே பெண்கள் மட்டுமே இருப்பதால் ஒன்றைத் திறந்து சொல்கிறேன். பில் யார் பேரில்? கடன் நம் பேரில் வாங்குவோம். கேமரா வாங்க வீட்டுக்காரரோ தம்பியோ திருநெல்வேலிக்குப் போவார்கள். கடையில் பேரைக் கேட்டதும் அவர் பேரைச் சொல்லிவிடுவார்கள். பாலிசி நம் பேரில், பில் அவர் பேரில். கிளெய்ம் வரும்போது இந்தப் பொருள் உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். கடனும் உழைப்பும் நம்முடையதாக இருக்கும்போது பில்லில் நம் பேர் வருவதில் யாருக்கும் வருத்தம் இருக்க வேண்டியதில்லை. கடை பேரில் உத்யம் பதிவு செய்திருந்தால் அந்தப் பேரையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

துபாயிலிருந்து மச்சான் கொண்டு வந்து கொடுத்த கேமரா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய லென்ஸ், இதற்கெல்லாம் பில் இருக்காது. விற்றவரிடம் தேதி, தொகை, சீரியல் நம்பர் போட்டு ஒரு ரசீது எழுதி வாங்குங்கள். கம்பெனி அதை ஒப்புக்கொள்ளுமா என்று பாலிசி எடுக்கும் முன்னாலேயே கேளுங்கள். ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரும் பாலிசிப் பட்டியலில் ஏற வேண்டும். புது லென்ஸ் வாங்கினால் அன்றைக்கே எழுதிக் கொடுத்து ஏற்ற வேண்டும். ஊரில் உள்ள எல்லாரையும் படம் எடுக்கிறோம், நம் சொந்தச் சாமானை ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறோமா? நம்பர் தெரிகிற மாதிரி எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் வைத்தால் அதுவும் சேர்ந்து முங்கிவிடும்.

வாடகைக்கு எடுத்த லென்ஸ் நம் பாலிசியில் தானாக வராது. வீட்டு இன்சூரன்சில் தொழில் சாமான் பெரும்பாலும் சேராது. வண்டி இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான், வண்டியில் இருக்கிற கேமராவுக்கு இல்லை. கேமரா கடையில் விற்கிற கூடுதல் வாரண்டி பெரும்பாலும் உள்ளே வருகிற பழுதுக்கு, கீழே விழுந்ததற்கோ தண்ணீர் பட்டதற்கோ இல்லை.

இதுவரை சொன்னது நம் பொருளுக்கு. அடுத்தவருக்கு நம்மால் வருகிற நஷ்டம் என்று ஒன்று இருக்கிறது. லைட் ஸ்டாண்ட் சாய்ந்து ஒரு குழந்தை தலையில் விழுந்தால்? அதற்குப் பொதுப் பொறுப்புப் பாலிசி உண்டு. நான் விசாரித்தேன், இன்னும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டாண்டின் காலிலும் மணல் பை கட்டுகிறேன், மணமேடைப் பக்கம் வயரை டேப் போட்டு ஒட்டுகிறேன். பெரிய மண்டபங்களில் வேலை கூடினால் எடுப்பேன். ட்ரோன் விஷயத்தில் நம் இஷ்டம் கிடையாது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். நான் ட்ரோன் வைத்திருக்கவில்லை, தேவைப்பட்டால் ஒரு தம்பியைக் கூப்பிடுவேன். அவர் பாலிசியைப் பார்க்காமல் பறக்க விட மாட்டேன்.

படமே போய்விட்டால் என்ன செய்வது? கேமராவுக்கு விலை உண்டு, தாலி கட்டின படத்துக்கு விலை ஏது? மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது. படம் தராத போட்டோகிராபர்கள் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று நுகர்வோர் ஆணையங்கள் பல ஊர்களில் உத்தரவு போட்டிருக்கின்றன. இதற்குத் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு என்று ஒரு வகை இருக்கிறது. அதில் பெரும்பாலும், வேலை செய்த வருஷத்தில் பாலிசி இருந்தால் மட்டும் போதாது, நம் மேல் புகார் வருகிற வருஷத்திலும் நடப்பில் இருக்க வேண்டும். என் அளவுக்கு அது கட்டுபடியாகவில்லை. நான் செய்வது, இரண்டு கார்டு போடுகிற கேமரா, ஒரே படம் இரண்டிலும் பதியும். மண்டபத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு கார்டு பையில், ஒரு கார்டு என் மணிபர்சில். புக்கிங் பாரத்தில், கருவிக் கோளாறால் படம் பதியாமல் போனால் என்ன தருவேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், "நல்ல காரியத்துல ஏன்மா அபசகுனமா?" என்று. சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டிவிடுவேன்.

லைட் பிடிக்க வருகிற பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் பதினெட்டு முடிந்தவர்களாக இருந்தால் பேங்க் கணக்கில் பிரதமர் விபத்துக் காப்பீடு போடச் சொல்லுங்கள். வருஷம் 20 ரூபாய், விபத்தில் இறந்தால் 2 லட்சம். மேலாளர் சார் இங்கேயே இருக்கிறார். ஜூன் ஒன்றாம் தேதி முதல் மே 31 வரை ஒரு வருஷம்.

சேதம் வந்த பிறகு. கம்பெனிக்கு உடனே போன் செய்து புகார் எண்ணை வாங்குங்கள். நனைந்த சாமானை ஆன் செய்து பார்க்காதீர்கள். வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் பாதிப் பேர் சேற்றைக் கழுவி, கெட்டுப்போன மெஷினைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சர்வேயர் வந்து பார்க்க எதுவும் இல்லை. நான் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைப் படம் எடுத்து, சாமானை அப்படியே ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தேன். திருட்டு என்றால் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள். அது போதாது. கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும், பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் கேட்கும். கடன் இருந்தால் பாலிசியில் பேங்க் பேரும் இருக்கும், பணம் முதலில் அங்கே போகலாம். அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுத்துக் கடிதம் வந்தால் அழுதுகொண்டு உட்கார வேண்டாம். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நமக்குச் சென்னை அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரம் உண்டு. ஒழுங்காணையத்தின் இலவச எண் 155255, அதிலும் புகார் பதியலாம்.

பிரீமியத்தை ஏஜெண்டின் சொந்த ஜி-பேயில் போடாதீர்கள். பணம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் அவர்கள் பொறுப்பு ஏற்கக் கூடாது என்பது 1938 சட்டத்திலேயே இருக்கிறது. கம்பெனி பேரில் கட்டி ரசீது வாங்குங்கள். புதுப்பிக்கும் தேதியைக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். தவணையை ஞாபகப்படுத்துகிற எழுத்தர் தங்கச்சி இதையும் ஞாபகப்படுத்துகிறாள்.

அடுத்த மாதம் ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு என் மூன்று பாலிசியையும் கொண்டு வருகிறேன். உங்களிடம் இருக்கிறதையும் கொண்டு வாருங்கள், எந்த முகவரி எழுதியிருக்கிறது, என்ன தொகை, யார் பேர் என்று உட்கார்ந்து பார்ப்போம். மதினியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்தக் கடிதத்தோடு. டீ குடிக்கப் போனவங்களிடமும் சொல்லிவிடுங்கள்.